கூகுள் கிளவுட் புராஜெக்டில் சேவைகளை எனேபிள் செய்வதும் நிறுத்துவதும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கல்லூரியில் படிக்கும் ஒருவர் பைத்தானில் சின்னதாக ஒரு நிரல் எழுதுகிறார். வகுப்பின் வருகைப் பதிவைத் தானாகவே கூகுள் ஷீட்டில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. நிரலில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் ஓடவிட்டதும் 403 என்ற எண்ணோடு நீளமான ஒரு பிழைச் செய்தி வந்து நிற்கிறது. ‘இந்த எண்ணுள்ள புராஜெக்டில் கூகுள் ஷீட்ஸ் ஏபிஐ இதுவரை பயன்படுத்தப்படவில்லை, அல்லது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, இந்த முகவரிக்குப் போய் எனேபிள் செய்யுங்கள், இப்போதுதான் செய்தீர்கள் என்றால் சில நிமிடம் பொறுத்து மறுபடி முயலுங்கள்’ என்பது அதன் சாரம். ஏபிஐ என்பது ஒரு நிரல் இன்னொரு சேவையை அழைத்துப் பேசுவதற்கான வழி.

403 என்ற எண்ணைப் பார்த்ததும் பலர் மீதிச் செய்தியைப் படிப்பதே இல்லை. ஷீட்டை உலகத்துக்கே பகிர்ந்து பார்க்கிறார்கள். சாவிக் கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக இறக்குகிறார்கள். ஒரு மாலைப்பொழுது அப்படியே போய்விடும். இத்தனைக்கும் அந்தச் செய்தி ரொம்ப நேர்மையான செய்தி. என்ன பிரச்சினை, எந்தப் புராஜெக்டில் பிரச்சினை, எங்கே போய்ச் சரிசெய்வது என்று மூன்றையும் சொல்லிவிடுகிறது. அது பேசும் ‘எனேபிள்’ என்றால் என்ன, அதைச் செய்தால் என்னென்ன நடக்கும், பிற்பாடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பது தெரிந்துவிட்டால், கூகுளின் கணினிகளையும் வசதிகளையும் இணையம் வழியாகப் பயன்படுத்தத் தரும் கூகுள் கிளவுடின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

புராஜெக்ட் என்பதில் தொடங்குவோம். கூகுள் கிளவுடில் எதைச் செய்தாலும் அது ஏதாவது ஒரு புராஜெக்டுக்குள்தான் நடக்கும். சர்வர், தரவுத்தளம், ஏபிஐ சாவி, செலவுக் கணக்கு, யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியல், எல்லாமே அதற்குள் அடக்கம். ஒவ்வொரு புராஜெக்டுக்கும் மூன்று அடையாளங்கள் உண்டு. பெயரை நாமே வைத்து எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். புராஜெக்ட் ஐடி என்பது 6 முதல் 30 எழுத்துக்குள் இருக்கும். ஒருமுறை வைத்தால் மாற்ற முடியாது. மூன்றாவது, கூகுள் தானாகவே கொடுக்கும் நீளமான ஓர் எண். பிழைச் செய்தியில் பெரும்பாலும் வருவது அந்த எண்தான். நமக்கோ ஐடிதான் பழக்கம். அதனால் கன்சோலின் (கூகுள் கிளவுடை இயக்கும் வலைத்தளம்) முதல் பக்கத்தில் இருக்கும் அந்த எண்ணை ஒருமுறை பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஓர் இடத்தில் அது தேவைப்படும்.

சேவை என்பது கூகுள் கொடுக்கும் தனித்தனி வசதி. ஷீட்ஸ் ஒரு சேவை, டிரைவ் ஒன்று, விர்ச்சுவல் மெஷின் (மென்பொருளால் உருவாக்கிய கணினி) தரும் கம்ப்யூட் எஞ்சின் ஒன்று, வரைபடம் காட்டும் மேப்ஸ் ஜாவாஸ்கிரிப்ட் ஒன்று. இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கூகுள்ஏபிஐஸ் டாட் காம் என்று முடிகிற முகவரி போன்ற ஒரு பெயர் உண்டு. ஷீட்ஸுக்கு ஷீட்ஸ் டாட் கூகுள்ஏபிஐஸ் டாட் காம். கட்டளை வரியில் இந்தப் பெயரைத்தான் கொடுக்க வேண்டும்.

புதுப் புராஜெக்ட் ஒன்றை உருவாக்கினால் பிக்குவரி, கிளவுட் ஸ்டோரேஜ், லாகிங், மானிட்டரிங் போன்ற சில சேவைகள் ஏற்கெனவே எனேபிள் ஆகியிருக்கும், அதாவது அந்தப் புராஜெக்டில் பயன்படுத்தத் திறந்திருக்கும். மற்றவை எல்லாம் நிறுத்தப்பட்ட நிலையில் இருக்கும். இது தொந்தரவு என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நூற்றுக்கணக்கான வசதிகளும் முதல் நாளே திறந்திருந்தால், களவுபோன ஒரு சாவியை வைத்து என்னென்ன செய்யலாம் என்ற பட்டியலும் அதே அளவுக்கு நீளும். நாம் கேள்விப்பட்டே இராத ஒரு சேவையில் நம் பெயரில் செலவு ஏறலாம். தேவையானதை மட்டும் நாமே பார்த்துத் திறப்பது நமக்கான பாதுகாப்பு.

எப்படி எனேபிள் செய்வது

கன்சோலில் ‘ஏபிஐஸ் அண்ட் சர்வீசஸ்’ என்ற பகுதிக்குப் போனால் உள்ளே லைப்ரரி இருக்கிறது. அங்கே சேவையின் பெயரைத் தேடி, அதன் பக்கத்தைத் திறந்து, எனேபிள் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. அழுத்துவதற்கு முன் திரையின் மேலே எந்தப் புராஜெக்ட் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட புராஜெக்ட் வைத்திருப்பவர்களுக்கு இங்கேதான் அடிக்கடி சறுக்குகிறது. ஒரு புராஜெக்டில் எனேபிள் செய்துவிட்டு, வேறொரு புராஜெக்டின் சாவியை நிரலில் வைத்திருப்பார்கள். பொத்தான் வேலை செய்ததை இரண்டு கண்ணாலும் பார்த்திருப்பார்கள்; பிழை மட்டும் போகாது. பிழைச் செய்தியில் இருக்கும் எண்ணையும் நீங்கள் குறித்துவைத்த எண்ணையும் ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பெயரிலும் கவனம் தேவை. வரைபடம் காட்டுவது, முகவரியை அட்சரேகை தீர்க்கரேகையாக மாற்றுவது, அக்கம்பக்கத்துக் கடைகளைத் தேடுவது என்று மேப்ஸில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சேவை. கடை தேடும் பிளேசஸ் சேவையிலேயே பழையது ஒன்று, ‘நியூ’ என்ற அடையாளத்தோடு புதியது ஒன்று என இரண்டு இருக்கின்றன. நிரல் அழைப்பது புதியதை, நாம் திறந்தது பழையதை என்றால் வேலை நடக்காது.

கட்டளை வரியில் செய்வது எளிது. ஜிகிளவுட் என்ற கூகுளின் கட்டளைக் கருவியில் சர்வீசஸ், எனேபிள் என்ற சொற்களுக்குப் பின்னால் சேவையின் முழுப் பெயரைக் கொடுத்தால் போதும். ஒரே கட்டளையில் பல பெயர்களைக் கொடுக்கலாம். எனேபிள் என்ற இடத்தில் லிஸ்ட் என்று கொடுத்தால் இப்போது என்னென்ன திறந்திருக்கின்றன என்ற பட்டியல் வரும். ஏதாவது வேலையைச் செய்யச் சொல்லி அதற்கான சேவை திறக்கப்படாமல் இருந்தால், ‘இது எனேபிள் ஆகவில்லை, செய்துவிட்டு மறுபடி முயலட்டுமா’ என்று ஜிகிளவுடே சில நேரம் கேட்கும். வசதிதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் படிக்காமல் ஒய் எழுத்தைத் தட்டிக்கொண்டே போகாதீர்கள். ஆறு மாதம் கழித்து அந்தச் சேவை ஏன் திறந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

எனேபிள் ஆனதும் உடனே எல்லா இடத்துக்கும் சேதி போய்விடாது. சில நிமிடம் பிடிக்கலாம். அந்த இடைவெளியில் அதே 403 வந்தால் பதற வேண்டாம், எதையும் மாற்றவும் வேண்டாம். ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி ஓடவிடுங்கள்.

மூன்று தனித்தனி வாசல்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இந்தப் பகுதியாக இருக்கட்டும். சேவை திறந்திருப்பது ஒன்று, அதற்குப் பணம் கட்ட ஏற்பாடு இருப்பது வேறு, அழைப்பவருக்கு அனுமதி இருப்பது மூன்றாவது. ஒன்று சரியாக இருப்பதால் மற்ற இரண்டும் சரியாகிவிடாது.

வருகைப் பதிவு நிரலையே எடுத்துக்கொள்வோம். ஷீட்ஸ் சேவையை எனேபிள் செய்தாயிற்று. மறுபடி ஓடவிட்டால் மறுபடியும் 403. ஆனால் இந்த முறை செய்தி வேறு: அழைப்பவருக்கு அனுமதி இல்லை என்கிறது. நிரல் ஓடுவது உங்கள் ஜிமெயில் கணக்கில் இல்லை. சர்வீஸ் அக்கவுண்ட் என்ற, நிரலுக்கென்றே உருவாக்கிய தனிக் கணக்கில். அந்தக் கணக்குக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும். சக மாணவருக்குப் பகிர்வதைப் போலவே, அந்த முகவரிக்கு ஷீட்டைத் திருத்தும் அனுமதியோடு பகிர வேண்டும். பகிர்ந்ததும் வேலை நடக்கும். இரண்டு பிழைக்கும் எண் ஒன்றுதான், காரணம் வேறு. செய்தியின் உள்விவரத்தில் ‘சர்வீஸ் டிஸேபிள்டு’ என்ற குறிச்சொல் இருந்தால் அது சேவை வாசல். அந்தக் குறி இல்லாமல் அனுமதி மறுப்பு என்று மட்டும் இருந்தால் அது அனுமதி வாசல். எண்ணை விட்டுவிட்டுச் சொல்லைப் படியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அதே நிரல் இன்னொரு விதத்திலும் தடுக்கும். ஜிஸ்பிரெட் என்ற பைத்தான் தொகுப்பில் ஷீட்டை அதன் பெயரைச் சொல்லித் திறந்தால், அந்தப் பெயரில் எந்தக் கோப்பு இருக்கிறது என்று தேட டிரைவ் சேவை தேவைப்படும். அதையும் எனேபிள் செய்ய வேண்டும். முகவரியில் இருக்கும் நீளமான அடையாளத்தைக் கொடுத்துத் திறந்தால் ஷீட்ஸ் மட்டும் போதும்.

பணத்துக்கு வருவோம். எனேபிள் செய்தால் காசு பிடிப்பார்களோ என்ற பயம் புதிதாக வரும் எல்லாருக்கும் இருக்கிறது. பொதுவாக எனேபிள் செய்வதற்குக் கட்டணம் கிடையாது; பயன்படுத்தினால்தான் கணக்கு ஏறும். ஷீட்ஸ் ஏபிஐக்கோ பயன்படுத்தினாலும் கட்டணம் இல்லை. பில்லிங் அக்கவுண்ட் (பணம் கட்டுவதற்கான கணக்கு) இணைக்காத புராஜெக்டிலும் அதைத் திறக்கலாம். அங்கே எல்லையைக் காப்பது கோட்டா: ஒரு புராஜெக்டுக்கு நிமிடத்துக்கு 300 வாசிப்புக் கோரிக்கை, அதில் ஒரு பயனருக்கு 60. தாண்டினால் 429 என்ற பிழை வரும், சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டால் கிடைக்கும். கம்ப்யூட் எஞ்சின் அப்படியில்லை. பில்லிங் அக்கவுண்ட் இணைக்காமல் அதை எனேபிள் செய்யவே விடாது.

பொதுவாக என்று ஏன் சொன்னேன் என்றால் விதிவிலக்கு உண்டு. கன்டெய்னர் ஸ்கேனிங் என்று ஒரு சேவை இருக்கிறது. அதை எனேபிள் செய்துவிட்டால், அதற்குப் பிறகு ஆர்டிஃபாக்ட் ரெஜிஸ்ட்ரி என்ற கிடங்கில் நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு கன்டெய்னர் இமேஜையும் (நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிய பொதி) அது தானாகவே சோதிக்கும். ஒவ்வொரு சோதனைக்கும் கட்டணம் உண்டு. தனியாக எந்தப் பொத்தானையும் நீங்கள் அழுத்தியிருக்க மாட்டீர்கள். அதனால் பில்லிங் இணைந்த புராஜெக்டில் ஒரு சேவையைத் திறக்கும் முன் அதன் கட்டணப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்ல பழக்கம். பட்ஜெட் அலர்ட் வைத்திருக்கிறேனே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அந்த அலர்ட் மின்னஞ்சல் அனுப்பும், அவ்வளவுதான். செலவை அதுவாக நிறுத்தாது.

மூன்றாவது வாசலான அனுமதி, எனேபிள் செய்கிற வேலைக்கே உண்டு. எல்லாராலும் ஒரு சேவையைத் திறக்க முடியாது. ஓனர், எடிட்டர் ரோல் (ரோல் என்பது அனுமதிகளின் தொகுப்பு) இருப்பவர்களாலும், சர்வீஸ் யூசேஜ் அட்மின் என்ற ரோல் இருப்பவர்களாலும் முடியும். அலுவலகத்தில் உங்களுக்கு அந்தப் பொத்தான் மங்கலாகத் தெரிந்தால் காரணம் இதுதான். அப்படி இருக்கும்போது ‘எனக்கு எடிட்டர் ரோல் கொடுங்கள்’ என்று கேட்காமல், இன்ன சேவை தேவை என்று அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எடிட்டர் என்பது புராஜெக்டில் ஏறக்குறைய எதையும் மாற்றவும் அழிக்கவும் வல்ல ரோல். ஒரு சேவையைத் திறப்பதற்காக அதைக் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை.

திறக்கும்போது கூடவே வருபவை

ஒரு சேவையைத் திறந்தால் அது மட்டும்தான் திறக்கும் என்று எண்ண வேண்டாம். அது எந்தெந்தச் சேவைகளை நம்பி இருக்கிறதோ அவையும் சேர்ந்து திறக்கும். கன்டெய்னர்களை இயக்கும் குபர்னெட்டிஸ் எஞ்சினைத் திறந்தால் கம்ப்யூட் எஞ்சினும் வேறு சிலவும் கூடவே வரும். அதன் கிளஸ்டர் என்ற மெஷின் கூட்டத்துக்குள் ஓடுபவை விர்ச்சுவல் மெஷின்கள்தானே. பட்டியலைத் திறந்து பார்த்து, நான் இதைத் தொடவே இல்லையே என்று தோன்றினால் பெரும்பாலும் காரணம் இப்படித்தான் இருக்கும்.

கம்ப்யூட் எஞ்சினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை எனேபிள் செய்த உடனே, ஒரு மெஷின்கூட உருவாக்காத நிலையிலேயே, இரண்டு விஷயங்கள் புராஜெக்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒன்று, டீஃபால்ட் என்ற பெயரில் ஒரு நெட்வொர்க். அதில் உலகம் முழுக்க உள்ள ஒவ்வொரு ரீஜனிலும் (கூகுளின் கணினி மையங்கள் உள்ள பகுதி) ஒரு சப்நெட் (நெட்வொர்க்கின் உட்பிரிவு) இருக்கும்; 22, 3389 ஆகிய போர்ட்டுகளுக்கு இணையத்தின் எந்த மூலையிலிருந்தும் வர அனுமதிக்கும் ஃபயர்வால் விதிகளும் இருக்கும். முதலாவது லினக்ஸ் மெஷினுக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைவதற்கு, இரண்டாவது விண்டோஸ் மெஷினைத் தொலைவிலிருந்து இயக்குவதற்கு. இரண்டாவது விஷயம், கம்ப்யூட் எஞ்சினின் டீஃபால்ட் சர்வீஸ் அக்கவுண்ட். இதற்கு வழக்கமாக எடிட்டர் ரோல் தானாகவே கிடைத்துவிடும்.

கற்றுக்கொள்ளும்போது இந்த ஏற்பாடு கைக்கு வசதி, மெஷினை உருவாக்கியதும் உள்ளே போக முடிகிறது. உண்மையான பயனர்களின் தரவு இருக்கும் புராஜெக்டில் இதை அப்படியே விட்டுவைப்பது ஆபத்து. அந்த மெஷினுக்குள் ஒருவர் நுழைந்துவிட்டால், எடிட்டர் ரோல் உள்ள ஒரு கணக்கும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிடுகிறது. கூகுளும் இதை உணர்ந்து, 2024 மே 3 முதல் உருவாக்கப்படும் நிறுவனக் கணக்குகளில் அந்தத் தானியங்கி ரோலைக் கொடுக்காதபடி விதியை வைத்திருக்கிறது. தனிநபர் ஜிமெயிலில் உருவாக்கும் புராஜெக்டுகள் எந்த நிறுவனக் கணக்குக்குள்ளும் வராதவை, ஆகவே அந்தப் பாதுகாப்பு அவற்றுக்கு இல்லை. நீங்கள் அப்படித்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால் டீஃபால்ட் நெட்வொர்க்கை நீக்கிவிட்டுத் தேவையான ரீஜனில் மட்டும் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். அந்த சர்வீஸ் அக்கவுண்டின் ரோலையும் குறைத்துவிடுங்கள்.

ஏபிஐ சாவிகளுக்கும் இதே போன்ற ஒரு சிக்கல் இருக்கிறது. ஏபிஐ சாவி என்பது அழைப்போடு சேர்த்து அனுப்பும் நீளமான ஓர் எழுத்துக்கோவை, அது ஒரு புராஜெக்டுக்கு உரியது. எந்தெந்தச் சேவைக்கு மட்டும் இது செல்லும் என்று நீங்கள் கட்டுப்படுத்தாவிட்டால், அந்தப் புராஜெக்டில் திறந்திருக்கும், சாவியை ஏற்கும் சேவைகளுக்கெல்லாம் அது செல்லும் என்பதுதான் அடிப்படை நடைமுறை. இப்போது நினைத்துப் பாருங்கள். ஒரு கடையின் வலைத்தளத்தில் வரைபடம் காட்ட ஒரு மேப்ஸ் சாவி இருக்கிறது. பக்கத்தின் மூலநிரலைத் திறந்தால் யாருக்கும் அது தெரியும். மேப்ஸ் சாவி அப்படி இருப்பதுதான் வழக்கம். இரண்டு ஆண்டு கழித்து அதே புராஜெக்டில் இன்னொருவர் ஜெமினி மாடல்களுக்கான ஜெனரேட்டிவ் லாங்குவேஜ் சேவையை எனேபிள் செய்கிறார். வலைத்தளத்தில் ஒரு வரியும் மாறவில்லை. ஆனால் அந்தப் பழைய சாவி செய்யக்கூடிய வேலையின் எல்லை விரிந்துவிட்டது. ஒரு சேவையைத் திறப்பது ஏற்கெனவே வெளியே இருக்கும் சாவிகளின் பலத்தையும் மாற்றலாம் என்பதைப் புதியவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. சாவியை உருவாக்கும்போதே அதற்குரிய சேவையை மட்டும் குறித்துக் கட்டுப்படுத்திவிடுங்கள். வெவ்வேறு வேலைகளுக்கு வெவ்வேறு புராஜெக்ட் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது, புராஜெக்ட் உருவாக்கக் காசு இல்லை.

தெரியாத புராஜெக்ட் எண் வந்தால்

புராஜெக்ட் எண்ணைக் குறித்துவைக்கச் சொன்னேன் அல்லவா? சில நேரம் பிழைச் செய்தியில் உங்களுடைய எந்தப் புராஜெக்டுக்கும் சொந்தமில்லாத ஓர் எண் வரும். 764086051850 அல்லது 32555940559 என்று வந்தால் குழம்ப வேண்டாம். இவை கூகுளின் சொந்தக் கருவிகளுக்கான புராஜெக்டுகள். உங்கள் கணினியில் ஜிகிளவுட் வழியாக உங்கள் சொந்தக் கணக்கில் உள்நுழைந்துவிட்டு நிரலை ஓட்டினால், இந்த அழைப்பை எந்தப் புராஜெக்டின் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் அந்தக் கருவியின் புராஜெக்டில் எழுதப் பார்க்கிறது. அங்கே உங்கள் சேவை திறந்திருக்காது, உங்களால் போய்த் திறக்கவும் முடியாது. இதற்குத் தீர்வு கோட்டா புராஜெக்ட் என்ற அமைப்பு. ஜிகிளவுடின் ஆத் பிரிவில், அப்ளிகேஷன் டீஃபால்ட் என்பதன் கீழ், செட் கோட்டா புராஜெக்ட் என்ற கட்டளையில் உங்கள் புராஜெக்ட் ஐடியைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

நிறுத்துவது

திறப்பதைவிட நிறுத்துவதில்தான் நிதானம் வேண்டும். பயன்படாத சேவையை நிறுத்திவைப்பது நல்ல காரியம் என்பதில் சந்தேகமில்லை. தவறுதலான செலவையும் பாதுகாப்புச் சிக்கலையும் அது தடுக்கும். பயன்படவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் கேள்வி.

ஏபிஐஸ் அண்ட் சர்வீசஸ் பக்கத்தில் ஒவ்வொரு சேவைக்கும் எத்தனை அழைப்பு வந்தது, எத்தனை தோற்றது என்ற வரைபடம் இருக்கிறது. முதலில் அதை 30 நாளுக்கு வைத்துப் பாருங்கள். கோடு தரையோடு தரையாக இருந்தால் நல்ல அறிகுறி. அதை மட்டும் நம்பியும் முடிவெடுக்காதீர்கள். செமஸ்டர் முடிவில் மட்டும் ஓடும் மதிப்பெண் நிரல், மார்ச் மாதக் கணக்கு முடிக்கும்போது மட்டும் ஓடும் அறிக்கை போன்றவை 30 நாள் வரைபடத்தில் தெரியாது. அந்தப் புராஜெக்டில் வேலை செய்யும் ஆட்களிடம் வாய்விட்டுக் கேட்பதற்கு ஈடாக எதுவும் இல்லை.

சார்பு விவகாரம் இங்கே தலைகீழாக வரும். நீங்கள் நிறுத்தப் பார்க்கும் சேவையை நம்பி வேறு சேவைகள் திறந்திருந்தால், நிறுத்த முடியாது என்று பிழை வரும். சார்ந்தவற்றையும் சேர்த்து நிறுத்துவதற்கு ஃபோர்ஸ் என்ற விருப்பம் இருக்கிறது. அதைத் தொடும் முன் பிழைச் செய்தி தரும் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். கம்ப்யூட் எஞ்சின் எதற்கு என்று நிறுத்தப் போய், ஓடிக்கொண்டிருக்கும் குபர்னெட்டிஸ் எஞ்சினையும் சேர்த்துச் சாய்த்துவிடலாம்.

அப்புறம், நிறுத்துவதும் சுத்தம் செய்வதும் ஒன்றல்ல. சேவைக்குள் உருவாக்கிவைத்த மெஷின், டிஸ்க், தரவுத்தளம் ஆகியவற்றுக்கு என்ன ஆகும் என்பது சேவைக்குச் சேவை வேறுபடும். அவற்றை அப்படியே விட்டுவிட்டுச் சேவையை நிறுத்துவது, அடுப்பை அணைக்காமல் சமையலறைக் கதவைப் பூட்டிவிட்டுப் போவது மாதிரி. பின்னால் பார்க்கப் போனால் கன்சோலில் அந்தப் பகுதியே திறக்காது. மறுபடி எனேபிள் செய்துதான் உள்ளே என்ன மிச்சம் என்று பார்க்க வேண்டியிருக்கும். எனவே தேவையான தரவுக்கு முதலில் நகல் எடுங்கள், பிறகு உள்ளே இருப்பவற்றை நீக்குங்கள், கடைசியாகச் சேவையை நிறுத்துங்கள்.

செலவைக் குறைப்பதற்காகச் சேவையை நிறுத்த நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான். பணம் பிடிப்பது ஓடும் மெஷினும் சேமித்த டிஸ்க்கும். அவற்றைப் போய் நீக்குங்கள். பில்லிங் அக்கவுண்டையே கழற்றிவிடலாமே என்று கேட்டால், அது இதைவிடக் கடுமையான வழி. கட்டணமுள்ள எல்லாமே நின்றுபோகும், சில வளங்கள் மீட்க முடியாதபடி அழிந்தும் போகலாம். முழுப் புராஜெக்டும் வேண்டாம் என்றால் ஷட் டவுன் செய்வதே நேரான வழி. 30 நாள் வரை மனம் மாறினால் புராஜெக்டைத் திரும்பக் கேட்கலாம், அதற்குப் பிறகு கிடையாது.

யோசிக்காமல் நிறுத்த வேண்டிய சமயமும் ஒன்று உண்டு. சாவி வெளியே கசிந்து, யாரோ அதை வைத்து ஒரு சேவையை அளவில்லாமல் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சாவி என்று தெரிந்தால் அதை அழிப்பதுதான் சரி. எது என்று தெரியாமல் தடுமாறும் நேரத்தில் அந்தச் சேவையை நிறுத்துவது அவசரத் தடுப்பாக உதவும். உங்கள் சொந்தப் பயனர்களுக்கும் அது நின்றுபோகும். அந்த விலை தெரிந்தே செய்கிற வேலை.

குழுவாக வேலை செய்யும்போது

டெராஃபார்ம் போன்ற கருவியில் உள்கட்டமைப்பை எழுதிவைக்கும் குழுக்கள், எந்தச் சேவை திறந்திருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுவார்கள். நல்ல வழக்கம். ஏன் திறந்தோம் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது: டிஸேபிள் ஆன் டெஸ்ட்ராய் என்ற அமைப்பு. பழைய பதிப்புகளில் அதைக் குறிப்பிடாமல் விட்டால் ஆம் என்றே பொருள். அதாவது, கோப்பிலிருந்து அந்த வரியை நீக்கினாலே புராஜெக்டில் சேவையும் நின்றுவிடும். அதே சேவையை வேறொரு குழு பயன்படுத்திக்கொண்டிருந்தால் அவர்களுக்கு இடி விழுந்த மாதிரி. பதிப்பு எதுவாக இருந்தாலும் அந்த அமைப்பை இல்லை என்று வெளிப்படையாக எழுதிவைப்பது நல்லது.

யார் எப்போது எதைத் திறந்தார்கள், எதை நிறுத்தினார்கள் என்பது ஆடிட் லாகில் பதிவாகும். நிர்வாக வேலைகளுக்கான அந்தப் பதிவை யாராலும் அணைக்க முடியாது, 400 நாள் வரை இருக்கும். நேற்று வரை ஓடிய நிரல் இன்று சர்வீஸ் டிஸேபிள்டு என்று சொன்னால், நிரலைத் தோண்டும் முன் அங்கே பாருங்கள்.

மற்ற கிளவுடுகளில் இந்த ஏற்பாடு வேறு மாதிரி. மைக்ரோசாஃப்ட் அஷூரில் இதற்கு இணையானது ரிசோர்ஸ் புரொவைடர் பதிவு. சப்ஸ்கிரிப்ஷனில் பதிவாகாத புரொவைடரைத் தொட்டால் பிழை வரும். அங்கே எனக்குப் பிடித்த ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு புரொவைடரின் கீழ் எதையாவது உருவாக்கி வைத்திருந்தால், அதை நீக்காமல் பதிவை ரத்து செய்ய விடாது. அமேசானின் ஏடபிள்யூஎஸ்ஸில் பெரும்பாலான சேவைகள் தொடக்கத்திலிருந்தே திறந்திருக்கும், கட்டுப்பாடு முழுக்க அனுமதி விதிகளின் தலையில் விழும். ஆனால் ரீஜன்களுக்கு அங்கே ஸ்விட்ச் உண்டு. மும்பை ரீஜன் தானாகவே திறந்திருக்கும். பிறகு வந்த ஹைதராபாத்தை நாமேதான் திறக்க வேண்டும்.

படித்ததைக் கையால் செய்து பார்க்க அரை மணி நேரம் போதும். பில்லிங் இணைக்காமல் புதுப் புராஜெக்ட் ஒன்றை உருவாக்கி, எதையும் தொடும் முன் திறந்திருக்கும் சேவைகளின் பட்டியலை எடுத்துவையுங்கள். ஷீட்ஸ் சேவையைத் திறக்காமலே ஒரு நிரலிலிருந்து அழைத்து, வரும் பிழையை முழுதாகப் படியுங்கள். பிறகு திறந்து, சர்வீஸ் அக்கவுண்டுக்குப் பகிராமல் அழைத்து, இரண்டாவது 403 எப்படி வேறுபடுகிறது என்று பாருங்கள். பகிர்ந்து, ஓடியதும், கம்ப்யூட் எஞ்சினைத் திறக்க முயன்று பில்லிங் கேட்டு மறுப்பதையும் ஒருமுறை பாருங்கள். கடைசியாக ஷீட்ஸை நிறுத்தி, மறுபடி பட்டியல் எடுத்து முதல் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டுப் புராஜெக்டை ஷட் டவுன் செய்துவிடலாம்.